பம்பலப்பிட்டியில் ரயில் ஊதும்போது

நீ போனில் அனுப்பிய பாட்டில் நான் முதலில் கவனித்தது ஒரு சின்ன இடத்தை, மகன். பல்லவி இரண்டாவது முறை முடிந்ததும் உன் கிட்டார் ஒரு மூச்சு நேரம் ஒதுங்கி நிற்கிறது. ட்ரம்ஸ் வாசிக்கிற பிள்ளையும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. வருகிறவர் உள்ளே வரட்டும் என்று இரண்டு பேர் கதவின் இரண்டு பக்கமும் விலகி நிற்பதைப் போல இருந்தது. யாரும் வரவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அது கவின் பேஸ் வாசிக்கிற இடம். அவன் மெல்பேர்னுக்குப் போய்விட்டான். நீங்கள் இன்னும் அவனுக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்று பின்னேரம் நீ போன் எடுத்துச் சொன்னாய்: “அம்மா, தொடங்கின ஆக்களில நான் மட்டும்தான் மிச்சம். ஒருத்தன் டுபாய், ஒருத்தி லண்டன், இப்ப கவினும் போயிட்டான். இனி அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு மேடையில ஏறினா அது பொய்தானே?” அடுத்த மாத நிகழ்ச்சிக்கு வர முடியாதென்று சொல்லப்போவதாகவும், அத்தோடு எல்லாவற்றையும் மூடிவிடப்போவதாகவும் சொன்னாய். நான் “ம்” என்று மட்டும் சொன்னேன். உனக்குத் தெரியும், கதைக்க வேண்டிய நேரத்தில் எனக்குக் கதை வராது. போனை வைத்த பிறகுதான் வரும். உன் அப்பாவிடம் கேட்டேன். “பேர மாத்தச் சொல்லு. அந்தப் பேரு எனக்கு மொதல்ல இருந்தே புடிக்கல” என்று சொல்லிவிட்டு மேட்ச் பார்க்கத் திரும்பிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். ஒரே கொழும்புக்குள் நீ வெள்ளவத்தையில், நான் கொட்டாஞ்சேனையில். பஸ் ஏறி வந்து நேரிலேயே சொல்லலாம். ஆனால் வந்தால் நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். எழுதும்போது என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

உன் அப்பா ஓர் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்தார், நான் அதில் கொஞ்சக் காலம் பாடினேன் என்பது வரை உனக்குத் தெரியும். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, சின்ன வயதில் “இதில மற்ற ஆக்கள் எங்கே?” என்று கேட்பாய். “எல்லாரும் வெளிநாட்டுக்குப் போயிட்டினம்” என்பேன். அதற்கு மேல் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மாவோடு வெள்ளவத்தைக்கு வந்தபோது எனக்கு ஓ.எல். சோதனை எழுதுகிற வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் கேட்டார்கள். அது சண்டையால் பாதை பூட்டிய அந்தப் பக்கத்தில் இருந்தது. வந்து சேர்வதற்குள் வருடம் போய்விட்டது. கீழ் வகுப்பில் சேரச் சொன்னார்கள். நான் அப்போதே நல்ல உயரம். காலையில் வரிசையில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் சின்னப் பிள்ளைகள், நடுவில் நான் மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி. கொஞ்ச நாள் போனேன், பிறகு போகவில்லை. சின்னம்மா ஏசவில்லை. “சரி, அப்ப இந்தத் தேங்காயைத் துருவு” என்றார். லொட்ஜுகளில் இருந்தவர்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். நானும் பார்சல் கட்டினேன். வாய் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த நாளைய வெள்ளவத்தையை நீ கண்ணை மூடித்தான் பார்க்க வேண்டும். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் எல்லாம் லொட்ஜுகள். அவற்றுக்குள் வடக்கிலிருந்து வந்து, கனடாவுக்கோ லண்டனுக்கோ போகக் காத்திருக்கும் பொடியன்கள். ஏஜென்ட் கூப்பிடுவான், அண்ணன் ஸ்பொன்சர் செய்வான் என்று காலையில் கடலைப் பார்ப்பார்கள், பின்னேரமும் அதே கடலைப் பார்ப்பார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப் பையில் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள். ஆமியின் சுற்றிவளைப்பில் ஆட்களைப் பிடித்துப்போன மறுநாள் பார்சல்கள் மிஞ்சும். அவர்களில் ஒருவர்தான் ரமணன் அண்ணா. மெலிந்த மனிதர், தோளில் எப்போதும் ஒரு கிட்டார். பார்சல் வாங்க வந்தவர் எங்கள் வீட்டுப் பின்னறையைக் கண்டுவிட்டார். தண்டவாளத்தை ஒட்டிய அறை, அந்தச் சத்தத்துக்கு யாரும் வாடகைக்கு எடுக்காத அறை.

“அன்ரி, ஞாயிற்றுக்கிழமையில மட்டும் இதை எங்களுக்குத் தாறியளோ? கொஞ்சம் சத்தம் போடுவம்.”

“ரயிலை விடக் கூடச் சத்தம் போடுவியளோ?”

“இல்லை அன்ரி.”

“அப்ப போடுங்கோ.”

அவர்கள் சினிமாப் பாட்டு வாசிக்கவில்லை. ரமணன் அண்ணா எழுதி, ரமணன் அண்ணா மெட்டுப் போட்ட பாட்டுகள்தான். கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், அவருடைய குரல். “கலியாண வீட்டில வாசிக்கக்கூடிய மாதிரி ஒண்டும் இல்லையோ தம்பி?” என்று சின்னம்மா கேட்பார். “இதெல்லாம் எங்கட சொந்தப் பாட்டு அன்ரி.” “அது விளங்குது. அதுதான் கேக்கிறன்.” தொடங்கிய வேகத்திலேயே பேஸ் வாசித்தவருக்கு நோர்வே சரிவந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் பாட்டுகளைப் பழகி முடித்த கையோடு சுவிஸுக்குப் போனார். முதலாவது ட்ரம்ஸ்காரர் சொல்லாமலே போய்விட்டார். பிறகு பாரிஸிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. புது முகங்கள் வாசலில் வந்து நின்று “ரமணன் அண்ணா இருக்கிறாரோ?” என்று கேட்பதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் சின்னம்மா அகப்பையோடு பின்னறை வாசலுக்கே போய்விட்டார். “இதென்ன, பேண்டோ, ஸ்டேஷன்ல இருக்கிற காத்திருப்போர் அறையோ? ஒருத்தன் எழும்ப மற்றவன் குந்துறான்!” எல்லோரும் சிரித்தார்கள். ரமணன் அண்ணா மட்டும் சிரிக்காமல் ஒரு தூரிகையைத் தேடி எடுத்து, பெரிய ட்ரம்மின் முன்பக்கத்தில் அந்தப் பெயரை எழுதிவிட்டார். காத்திருப்போர் அறை. படத்தில் பார்த்து நீ உங்கள் குழுவுக்கு எடுத்துக்கொண்டதும், உன் அப்பாவுக்குப் பிடிக்காததும் இந்தப் பெயர்தான்.

போகிறவர்கள் வாத்தியத்தைக் கொண்டுபோக முடியாது. அதனால் பேஸ் கிட்டார் அறையிலேயே இருந்தது, ஆட்கள்தான் மாறினார்கள். அதன் தோற்பட்டியில் ஒவ்வொருவரும் தன் உயரத்துக்கு ஓர் ஓட்டை போட்டுக்கொண்டார்கள். நான் அறையைக் கூட்டும்போது அந்தப் பட்டியை விரலால் தடவிப் பார்ப்பேன். இது நோர்வே அண்ணா, இது சுவிஸ் அண்ணா, இது சுற்றிவளைப்பில் பிடிபட்டு, வெளியில் வந்து, யாரோடும் கதைக்காமல் விமானம் ஏறியவர். இவர்கள் எல்லோருடைய கையும் ஒரே மாதிரி இல்லை. நோர்வே அண்ணா நடப்பது போல வாசிப்பார். சுவிஸ் அண்ணா யாரையோ தேடுவது போல வாசிப்பார். பாட்டு அதேதான். சுவருக்கு இந்தப் பக்கம், குசினியில் இருந்து கேட்கிற எனக்கு, ஒரே வீட்டில் வேறு வேறு ஆட்கள் நடமாடுவது மாதிரி இருக்கும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். யாராவது போய்விட்டால், அடுத்த ஞாயிறு புது ஆளைக் கூப்பிட மாட்டார்கள். புது ஆள் அதே ஒழுங்கையில் பார்சலுக்குக் காத்துக்கொண்டு நின்றாலும் கூப்பிட மாட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் எல்லாப் பாட்டையும், போனவருடைய இடத்தை வெறுமையாக விட்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசிப்பார்கள். அதற்கு ஆளில்லா ஞாயிறு என்று பெயர். பேஸ் போயிருந்தால் பேஸ் இல்லாமல். ட்ரம்ஸ் போயிருந்தால் ட்ரம்ஸ் இல்லாமல், அந்த ஸ்டூலைக்கூட நகர்த்தாமல். கேட்கவே சங்கடமாக இருக்கும், படியொன்று குறைந்த ஏணியில் ஏறுவது மாதிரி. வாசித்து முடிந்ததும் சின்னம்மா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுப்பார், போனவருக்கும் சேர்த்து ஊற்றிவிட்டு அதைத் தானே குடிப்பார். அடுத்த ஞாயிறு புது ஆள் வருவார். ஏன் இப்படி என்று அந்தச் சுவிஸ் அண்ணா முதல் நாள் வந்தபோது கேட்டார். “உனக்கு விட்ட இடம் எவ்வளவு பெருசு எண்டு எங்களுக்கு முதல்ல தெரிய வேணுமெல்லோ” என்றார் ரமணன் அண்ணா.

உன் அப்பா வந்ததும் அப்படி ஓர் இடத்துக்குத்தான். பாரிஸ் ஆள் விட்டுப்போன ஸ்டூலுக்கு. கொட்டாஞ்சேனைக்காரர், வடக்கைப் படத்தில்கூடப் பார்த்திராதவர். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த டெரன்ஸை யாரோ கூட்டிவந்தார்கள். முதல் நாளே குசினிக்குள் தலையை நீட்டி, “தங்கச்சி, கொஞ்சம் தண்ணி தாங்க” என்றார். நான் தண்ணீரை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். “என்னா மச்சான், உங்க வீட்டுப் புள்ள பூனைக்கு வெக்கிற மாதிரி வெச்சிட்டுப் போகுது” என்று அவர் உள்ளே போய்ச் சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அப்படித்தான் தண்ணீர் வைத்தேன். அவரும் குடித்துவிட்டு வெறும் கிளாஸை வாசற்படியில் வைத்து, விரலால் அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். காதல் என்று இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். அப்போது எங்களிடம் அவ்வளவுதான் இருந்தது.

இனி ரயிலுக்கு வருகிறேன். அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தால் எதுவுமே கேட்காது. கிளாஸ்கள் நடுங்கும், சுவரில் சாய்ந்திருந்தால் பல்லும் நடுங்கும். முதலில் எரிச்சலோடு நிறுத்தினார்கள். பிறகு ரமணன் அண்ணா அதையே பாட்டுக்குள் வைத்துவிட்டார். உப்புக்காற்று என்று ஒரு நீளமான, மெதுவான பாட்டு. எப்போதும் கடைசியாக வாசிப்பது. பின்னேர ரயில் முந்தின ஸ்டேஷனான பம்பலப்பிட்டியில் ஊதுவது காற்றோடு வந்து கேட்கும். கேட்டதும் டெரன்ஸ் குச்சிகளைத் தட்டித் தொடங்குவார். இரண்டாவது சரணம் முடியவும் ரயில் எங்கள் பின்சுவருக்கு வரவும் சரியாக இருக்கும். மூவரும் கையை எடுத்துவிட்டு நிற்பார்கள். ரயில் தன் பங்கை வாசித்துவிட்டுப் போகும். கடைசிப் பெட்டி போனதும் மூன்றாவது சரணம். ரயில் பிந்தினால் பாட்டும் பிந்தும். வேலைநிறுத்தத்தன்று அந்தப் பாட்டே இல்லை. உலகத்தில் வேறு எந்தக் குழுவும் ரயில்வேயை நம்பி ஒரு பாட்டு வைத்திருந்திருக்காது.

ரயில் போகிற அந்த நேரத்தில் நான் பாடுவேன். இதை இரண்டு பேரைத் தவிர நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே என் குரல் கேட்காத அளவுக்குச் சத்தம் இருக்கும். அதனால் துணிவும் இருக்கும். இரண்டாவது சரணம் விட்ட இடத்திலிருந்து மெட்டை எடுத்துக்கொண்டு, எனக்குத் தோன்றியபடி ஏறி இறங்கி, கடைசிப் பெட்டி வருவதற்குள் மூன்றாவது சரணத்தின் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். சொற்கள் எனக்கு வராது. அதனால் அடுத்த நாள் கடையில் வாங்க வேண்டியவற்றைப் பாடுவேன். மைசூர்ப் பருப்பு, செத்தல் மிளகாய், கருவாடு, தேங்காய் எண்ணெய். கடல் பக்கத்து ஜன்னலால் வெயில் சாய்ந்து வந்து மாவில் விழும். தண்டவாளம், அதற்கப்பால் கறுப்புக் கற்கள், அதற்கப்பால் தண்ணீர், எல்லாம் நடுங்கும். அந்த நடுக்கத்துக்குள் பாடிக்கொண்டிருக்கும் பெண் வேறு யாரோ என்று எனக்குத் தோன்றும். அவள் கூச்சமில்லாதவள். கையில் அரிதட்டோடு இருந்தாலும் அவள் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பாள். ரயில் போனதும் அவளும் போய்விடுவாள், நான் மா அரிப்பேன்.

ரமணன் அண்ணாவுக்குக் கனடா சரிவந்தது. அந்த ஞாயிறு யாரும் வாசிக்கவில்லை. தொடங்கியவர்களில் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். பாட்டெல்லாம் அவருடையது, குரலும் அவருடையது. “போக முதல் ஒருக்கா ஆக்களுக்கு முன்னால வாசிப்பம். அதோட முடிப்பம்” என்றார். சுதன் என்று ஒரு பையன் அப்போது பேஸ், குட்டையானவன், பட்டியில் கடைசி ஓட்டை அவனுடையது. “ஏன் அண்ணை முடிக்கோணும்? நாங்கள் இருக்கிறம்தானே?” என்று கேட்டான். “நான் இல்லாமல் வாசிச்சா அது வேற ஏதோ ஒண்டு. பேர் என்னோட போகட்டும்.” சரியாக நீ போனில் சொன்ன மாதிரி, மகன். உன் குரலில் அவரைக் கேட்டுத்தான் நான் “ம்” என்று நின்றுவிட்டேன். டெரன்ஸ் கொட்டாஞ்சேனையில் தன் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கித் தந்தார். சனிக்கிழமை பின்னேரம், இருட்ட முதல் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேரும்படி.

வேனில் சாமான்களோடு சாமானாக நானும் போனேன், சின்னம்மா கட்டிய பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு. புறக்கோட்டைக்குக் கிட்ட மறித்தார்கள். ஓர் இளம் ஆமிக்காரன் பெரிய ட்ரம்மைக் காட்டி, “மொகத மேக?”, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். “ட்ரம் எக, சேர்” என்றார் டெரன்ஸ். அவன் நம்பவில்லை. இறக்கி அடித்துக் காட்டச் சொன்னான். ரமணன் அண்ணாவின் அடையாள அட்டை இன்னொருவன் கையில் திரும்பித் திரும்பிக்கொண்டிருந்தது. டெரன்ஸ் தெருவோரத்தில் ட்ரம்மை வைத்து, குந்தியிருந்து, எல்லோரும் ஆடுகிற ஒரு பைலா தாளத்தைத் தொடங்கினார். வரிசையில் நின்ற பஸ்ஸிலிருந்து யாரோ கைதட்டினார்கள். ஆமிக்காரனின் சப்பாத்து மெல்ல ஆடியது. பிறகு அவன் அதை உணர்ந்து நிறுத்திக்கொண்டான். அட்டை திரும்பி வந்தது. வேன் நகர்ந்ததும் ரமணன் அண்ணா, “நான் எழுதின பாட்டொண்டுக்கும் இப்பிடி ஒருத்தரும் ஆடேல்லை” என்றார். “நீங்க பைலா எழுதலயே மச்சான்” என்றார் டெரன்ஸ். எல்லோரும் தேவைக்கு மேலே சிரித்தோம்.

மண்டபத்தில் கதிரைகள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. நான் மேடைக்குப் பக்கத்தில் திரைக்குப் பின்னால் பார்சல்களோடு நின்றேன். ஒவ்வொரு பாட்டாகப் போனது. கடைசியாக உப்புக்காற்று. முதல் சரணம், இரண்டாவது சரணம். அது முடிந்ததும் மூவரும் கையை எடுத்துவிட்டார்கள். அங்கே ரயில் இல்லை என்பதை அவர்களுடைய கைகள் மறந்துவிட்டன. மண்டபம் திடீரென்று அமைதியாகியது. அந்த நாட்களில் ஒரு சத்தம் பாதியில் நின்றால் எல்லோரும் வாசலைத்தான் பார்ப்பார்கள். அப்படியே அத்தனை தலைகளும் வாசலுக்குத் திரும்பின. அந்த அமைதிக்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் மைசூர்ப் பருப்பு, செத்தல் மிளகாய் என்று பாடியது. அழகாகத்தான் பாடியது என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்வார். எனக்குத் தெரியாது. என் குரலை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன், கேட்டதும் யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வரை போன பிறகுதான் அது நான் என்று விளங்கியது. வாயை இரண்டு கையாலும் பொத்தினேன். வாசலைப் பார்த்த தலைகள் எல்லாம் திரைப் பக்கம் திரும்பின. முன்வரிசையில் ஒருவர், “ஆரப்பா அது? வெளியில வரச் சொல்லுங்கோ, கடைக்குப் போக முதல்!” என்றார். சிரிப்பு வெடித்தது. டெரன்ஸ் குச்சிகளைத் தட்டினார், ரமணன் அண்ணா மூன்றாவது சரணத்தைப் பாடினார். நான் பின்வாசலால் ஓடிவிட்டேன்.

மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் ரமணன் அண்ணா என்னைக் கண்டுபிடித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் அதைக் காணாத மாதிரி தொட்டியில் கை கழுவினார்.

“எவ்வளவு காலமா இது?”

“ரயில் வாற நேரத்தில மட்டும்தான் அண்ணா.”

“நாங்கள் அந்த இடத்தில சும்மா நிக்கிறம் எண்டெல்லோ நினைச்சனான்.” அவர் கையை உதறினார். “அப்ப பாட்டு ஒருநாளும் நிக்கேல்லை.”

பேரைத் தொடருங்கள் என்றோ, நீ பாடு என்றோ அவர் சொல்லவில்லை. சொன்னார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், ஆனால் அவர் சொல்லவில்லை. அவருக்கு மனம் மாறவும் இல்லை. பார்சல்களைக் கொண்டுவரச் சொன்னார். சாப்பிட்டோம். இருட்ட முதல் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். சில நாளில் அவர் கிட்டாரை அறையில் சாய்த்து வைத்துவிட்டு, சின்னம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் குசினி ஜன்னலால் பார்த்தேன். ஒழுங்கை முனையில் ஒருமுறை திரும்பினார். வீட்டைப் பார்க்கவில்லை, தண்டவாளத்தைப் பார்த்தார்.

உனக்கு நான் என்ன சொல்ல வேண்டுமென்று இந்தப் பக்கங்கள் முழுக்க யோசித்துக்கொண்டே எழுதுகிறேன். அந்தப் பெயரில் பிறகு பல வருடம் வாசித்தோம். மொத்தம் எத்தனை பேர் என்பதில் எனக்கும் உன் அப்பாவுக்கும் இன்னும் சண்டை. அவர்களில் ரமணன் அண்ணாவை நேரில் கண்டவர்கள் கொஞ்சப் பேர்தான். நீ பிறந்தபோது நான் நிறுத்தினேன். அதில் சோகமொன்றும் இல்லை, உன் சத்தம் என்னுடையதை விடப் பெரிதாக இருந்தது. நாங்கள் பொய்யா சொன்னோம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனவர்கள் எல்லோரும் பாட்டுக்குள் எதையாவது வைத்துவிட்டுத்தான் போனார்கள், சுவிஸ் அண்ணாவின் தேடல்கூடச் சுதன் விரலில் இருந்தது. ஆனால் நான் சொல்வதற்காகத் தொடராதே. ரமணன் அண்ணா பிழை என்றும் நான் சொல்ல மாட்டேன். விட்டுவிட்டுப் போகிறவருக்கு அது அப்படித்தான் தெரியும். நீ போகவில்லையே, மகன். நீ இருக்கிறாய். நிகழ்ச்சிக்கு வர முடியாதென்று சொல்வதற்கு முதல் ஓர் ஆளில்லா ஞாயிறு வையுங்கள். கவினுடைய இடத்துக்கு யாரையும் அவசரமாகக் கூப்பிடாதே, அந்த இடத்தை மூடவும் செய்யாதே. எல்லாப் பாட்டையும் அப்படியே வாசியுங்கள். யாராவது சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்தாலும் இருக்கலாம்.

எங்களுடையது ரமணன் அண்ணா போன பிறகு வந்த ஞாயிறு. அப்படியொன்று நடக்குமென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பின்னறையைக் குறைந்த வாடகைக்குக் கேட்டு ஒரு குடும்பம் அடுத்த நாள் பார்க்க வருவதாக இருந்தது. சின்னம்மா என்னை அறையைக் கழுவச் சொல்லியிருந்தார். நான் வாளியைத் தூக்கியபோது டெரன்ஸ் வாசலில் நின்றார், குச்சிகள் காற்சட்டைப் பின்பையில். “சாமானெல்லாம் ஏத்திட்டுப் போக வந்தேன்” என்றார். கொஞ்ச நேரத்தில் சுதன் வந்தான். “நானும் சும்மா பாக்க வந்தனான்” என்றான். இரண்டு பேரும் ஒரு சாமானையும் தொடவில்லை. சின்னம்மா எட்டிப் பார்த்தார். “ஏத்திறதெண்டால் ஏத்துங்கோ, வாசிக்கிறதெண்டால் வாசியுங்கோ. ரெண்டும் இல்லாமல் வழியில நிக்கக் கூடாது.” டெரன்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். சுதன் பட்டியைத் தோளில் மாட்டினான்.

கிட்டாருக்கு இடம் விட்டு, குரலுக்கு இடம் விட்டு, ட்ரம்ஸும் பேஸும் மட்டுமாகப் பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. யாருமில்லாத வீட்டில் மணிக்கூடு அடிப்பது போல இருந்தது. நான் வாளியை வைத்துவிட்டுக் குசினியில் நின்றேன். வெயில் சாய்ந்து மாவின் மேல் விழுந்தது. பம்பலப்பிட்டியில் ரயில் ஊதியது. டெரன்ஸ் குச்சிகளைத் தட்டினார். முதல் சரணம், யாரும் பாடவில்லை. இரண்டாவது சரணம், யாரும் பாடவில்லை. கையை எடுத்தார்கள். ரயில் வந்தது. கிளாஸ்கள் நடுங்கத் தொடங்கியதும் நான் வழக்கம்போலப் பாடினேன். அடுத்த நாளுக்கு வாங்க வேண்டியது எதுவும் நினைவில் இல்லாததால் சொல்லில்லாமல் பாடினேன். ஏறி, இறங்கி, மூன்றாவது சரணத்தின் வாசலுக்கு வந்தேன். கடைசிப் பெட்டி போனது. கிளாஸ்கள் அடங்கின. அந்தப் பக்கத்தில் குச்சிகள் இன்னும் தட்டப்படவில்லை.

நான் மூன்றாவது சரணத்தைத் தொடங்கினேன்.